பிரெஞ்சுப் புரட்சியும் நமது மண்ணும்
(ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



பேரிகைக்கும் பாரிஸ் பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது. ஏன்? யுத்தச் செலவால் அரசாங்கம் கடனில் மூழ்கியிருந்தது. 1788-ல் விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறியது. வரிச்சுமையோ ஏழைக் குடியானவன் தலையில். பிரபுக்களும் குருகுலத்தாரும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். ஆயர் பதவிகள் பிரபு குடும்பங்களின் கையில். கிராமப் பங்குக் குருக்கள் பலர் வறுமையில். ஆகவேதான் அவ்வாண்டு ஜூன் மாதம் முதலில் மூன்று பங்குக் குருக்களும், பின்னர் பலரும் பொதுமக்களின் பிரதிநிதிகளோடு சேர்ந்துகொண்டனர். நவம்பரில் திருச்சபைச் சொத்துக்கள் அரசுடைமையாயின. 1790-ல், குருக்கள் அரசுக்குச் சத்தியம் செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர்.

இங்கோ, ஐரோப்பிய அரசர்களின் வற்புறுத்தலால் 1773-ல் சேசு சபை கலைக்கப்பட்டதிலிருந்து மேய்ப்பர்கள் குறைவு. 1792-ல் குருப்பட்டம் பெற்ற துபுவா அடிகள் அதே ஆண்டு பிரான்சை விட்டுப் புறப்பட்டு இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர்ச் சீமையில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்த்தார். அம்மை குத்தும் பணியைப் பரப்பினார். நமது ஓசூரும் அதுவரை மைசூர் அரசைச் சேர்ந்ததே.

அன்பர்களே, புரட்சியைக் கொண்டுவந்தவர்கள் திருச்சபையின் விரோதிகள் மாத்திரம் அல்லர். சுமையைப் பகிராத சலுகையும் அதைக் கொண்டுவந்தது. நாம் திருவிழாத் தலைக்கட்டு வரி எழுதும்போது, கூலிக்காரர் வீட்டுக்கும் வசதியுள்ளவர் வீட்டுக்கும் ஒரே தொகையா என்று ஒரு கணம் யோசிப்போம்.