சமயமும் பெண்ணின் பங்கும்

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குதலே மரபு. நானோ சற்றுக் கசப்பான பொருளை எடுத்துக்கொண்டேன், பொறுத்தருள்க.

1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் முன்னின்று மனுஸ்மிருதியை எரியூட்டினார். நம்மை இழிவுபடுத்தியதற்காகவே அந்நூல் எரிக்கப்பட்டது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பெண் இளமையில் தந்தைக்கும், மணந்தபின் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியே இருத்தல் வேண்டுமென விதித்ததும் அந்நூலே. இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. தம் சாதிக்குள்ளேயே மணம் முடித்தல் என்னும் கட்டினால்தான் சாதி நிற்கிறது என்றும், அக்கட்டைக் காக்கவே உடன்கட்டையும் கைம்மைக் கொடுமையும் குழந்தை மணமும் நிலவின என்றும் அண்ணல் 1916லேயே ஆராய்ந்து எழுதினார். மகளைப் பூட்டி வைக்காமல் சாதியைக் காக்க எவராலும் இயலாது.

சட்ட அமைச்சரான பின்னர் மணவிலக்கு உரிமையும் மகளுக்குச் சொத்துரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை அவர் கொணர்ந்தார். மதத்திற்கு ஆபத்து என்ற கூக்குரல் எழுந்தது. மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951இல் அவர் பதவி துறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் அது துண்டு துண்டாக 1955, 1956ஆம் ஆண்டுகளில் சட்டமாயிற்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை நம் மாநிலத்தில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும்தான் வந்தது.

இந்து சமயத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்மில் கிறித்தவர்களும் உளர். திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறித்தவ வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. மேரி ராய் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்நிலை மாறியது. ஆலயம் மாறியும் வீடு மாறவில்லை!

என் வீட்டையே சொல்கிறேன். என் தந்தையார் கூலி உழைப்பில் வாங்கிய ஐந்து சென்ட் மனை ஒன்றிருந்தது. சுய சம்பாத்தியம், உயிலில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி என் தமக்கைக்கும் எனக்கும் சம பங்கு. நான் அப்போதே பி.ஏ., பி.எட். படித்த ஆசிரியன், சட்டம் அறியாதவனல்லன். ஆயினும் தமக்கையைப் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்கினேன். ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தேன். "பிறந்த வீட்டுச் சீர் நின்றுபோகாமல் இருந்தால் போதும், தம்பி" என்றார். அன்று அதனைப் பாசம் என்று எண்ணி மகிழ்ந்தேன். அது அச்சம் என்று உணர எனக்கு இருபது ஆண்டுகளாயின. சென்ற ஆண்டு அம்மனையில் பாதியை அவர் பெயருக்கு எழுதி வைத்தேன். பத்திரத்தை வாங்க அவர் மூன்று முறை மறுத்தார்.

நம் தெருவில் வீற்றிருப்பவள் மாரியம்மன். கூழ் காய்ச்சுவோர் பெண்கள். முளைப்பாரி சுமப்போர் பெண்கள். திருவிழாக் கணக்குக் கேட்கும் கூட்டத்தில் மட்டும் ஒரு பெண்ணும் அமர்வதில்லை. நம் சங்கத்தின் செயற்குழுப் பட்டியலையும் இம்மலரின் முதற்பக்கத்தில் பார்த்தேன். அடுத்த பொதுக்குழுவில் அதுகுறித்து ஒரு தீர்மானம் கொணரவிருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.