பாட்டின் உக்கிரம் எங்கே இருக்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அரங்குகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தருவது என் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, "சார், சவுண்டு பத்தலை" என்பதுதான். பாட்டு நெஞ்சைப் பிடிக்கணும்னா சத்தத்தைக் கூட்டணும் என்று ஒரு நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, சுமார் 10 டெசிபல் கூட்ட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 100 வாட் இருந்த இடத்தில் 1000 வாட்! அவ்வளவு கொட்டினாலும் கிடைப்பது சத்தம்தான், உக்கிரம் அல்ல.

அப்படியானால் உக்கிரம் எதில் இருக்கிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். 1939-இல் நியூயார்க்கில் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் பில்லி ஹாலிடே என்ற கறுப்பினப் பாடகி 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாட்டைப் பாடினார். வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையைச் சொல்லும் பாட்டு. எழுதியவர் ஏபல் மீரோபோல், ஒரு பள்ளி ஆசிரியர். கடைசிப் பாட்டாக அதைப் பாடும்போது பரிமாறுவது நிற்கும். விளக்குகள் அணையும். அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் அதுவும் அணையும். மறுபடி விளக்கு வரும்போது அவர் மேடையில் இருக்க மாட்டார். அவர் கத்தவில்லை, அழவில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்படி, அடக்கிப் பாடினார். அவரது வழக்கமான இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா பதிவு செய்ய மறுத்தது. கொமடோர் என்ற சிறிய நிறுவனம் பதிவு செய்தது. 1999-இல் டைம் பத்திரிகை அதையே நூற்றாண்டின் பாடலாகத் தேர்ந்தெடுத்தது.

ஆக, முதல் விஷயம் அமைதி. இரண்டாவது, சொல்வதற்கு ஒரு உண்மை.

மூன்றாவது, காத்திருப்பு. நம்ம ஊர் நாகஸ்வரக்காரரைக் கவனியுங்கள். மேல் ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் நிஷாதம் வரை வருவார், தொடமாட்டார். திரும்பிப் போவார், மறுபடி வருவார். கடைசியில் தொடும்போது கூட்டமே "ஆஹா" என்கிறது. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: பிடித்த பாட்டின் உச்சத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமைன் சுரக்கிறது. முதலிலிருந்தே எல்லாம் உச்சமாக இருந்தால் எதற்காகக் காத்திருப்பது?

தம்பிகளா, இது ரசனைக்காக மட்டும் சொல்வதல்ல. 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். நம்ம கல்ச்சுரல்ஸ் எத்தனை மணி நேரம் நடக்கிறது? உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் போனால் மறுபடி முளைக்காது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு நாற்பது வயது ஆகுமுன்பே வலது காதில் ஓயாத ரீங்காரம். அவருக்கு இனி மௌனம் என்பதே கிடையாது.

ஆகவே இந்த வருட விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பாட்டுக்காவது பெரிய ஸ்பீக்கரை நிறுத்துங்கள். விளக்கை அணையுங்கள். நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை, ஒரு சுருதிப் பெட்டியோடு நிற்க வையுங்கள். விசில் அடிக்கிற கடைசி வரிசை என்ன செய்கிறது என்று பாருங்கள்.