கம்போஸ் கோப்பில் விடக்கூடாத வரி

சந்தாக் கணக்கு மென்பொருளைச் சங்கக் கணினியிலேயே டாக்கரில் ஓட்டலாமா என்று சிலர் கேட்டீர்கள். ஓட்டலாம். 2013-இல் வெளிவந்த டாக்கர், மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தருகிறது. எந்தப் பெட்டி, எந்த போர்ட் என்பதைக் கம்போஸ் கோப்பில் எழுதுகிறோம். வரிகளை உள்தள்ள ஸ்பேஸ்தான். டேப் அடித்தால் ஏற்காது.

'வால்யூம்ஸ்' வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கன்டெய்னர் வங்கிக் கவுன்ட்டர் மாதிரி. எடுத்துவிட்டு வேறு போடலாம். லெட்ஜர் ஸ்ட்ராங் ரூமில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் கன்டெய்னரை நீக்கினால், உள்ளே எழுதிய கணக்கும் போய்விடும். 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு '-வி' சேர்த்தாலோ வால்யூமே அழியும்.

ஐப்பசி, கார்த்திகையில் கரன்ட் போய்ப்போய் வரும் நம் காரைக்காலுக்கு 'ரீஸ்டார்ட்: ஆல்வேஸ்' வரியும் தேவை. வாரம் ஒருமுறை கன்டெய்னரை நிறுத்தி, வால்யூமை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்க யார் பொறுப்பேற்பது? அதை முடிவு செய்துவிட்டுக் கணக்கை ஏற்றுவோம்.