கைக்கு இணங்கிய கருவி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்த நான் கலப்பையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள வேண்டும். மேழியின் உயரம் உழுபவர் கைக்கு ஒத்திராவிட்டால், கொழு எத்துணை கூர்மையாக இருந்தும் பயனில்லை. கருவி மனிதனுக்கு இணங்க வேண்டுமேயன்றி, மனிதன் கருவிக்காகத் தன்னை வளைத்துக்கொள்ளலாகாது.

கணிப்பொறி தோன்றிய காலத்தில் இந்த நியாயம் வழங்கவில்லை. அட்டைகளில் துளையிட்டு, அவற்றை இயந்திரத்தில் செலுத்தி, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கெல்பார்ட். ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் 1964-ஆம் ஆண்டில், அவரது கருத்தின்படி பில் இங்கிலீஷ் என்பார் ஒரு சிறு மரப்பெட்டியைச் செய்தார். அதன் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். பெட்டியை மேசைமேல் நகர்த்தினால், ஒரு சக்கரம் பக்கவாட்டு அசைவையும், மற்றது முன்பின் அசைவையும் அளக்கும். திரையிலுள்ள குறியும் அவ்வாறே நகரும். வால்போல் ஒரு கம்பி நீண்டிருந்தமையால், எலி என்று பொருள்படும் ‘மவுஸ்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. தாம் செய்தது என்பதற்காக அதையே சிறந்தது என்று அவர்கள் சாதிக்கவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடிக் கோல், முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு அதனையும் பலர் கையில் கொடுத்து, ஆகும் நேரத்தையும் நேரும் பிழையையும் அளந்தார்கள். பழகியவர்களிடம் மவுஸ் முந்தியது; புதியவர்களுக்கோ முழங்காற் கருவியும் நன்றாகவே உதவியது. அதன் பின்னரே, 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் அவைமுன் மவுஸை இயக்கிக் காட்டினர்.

அடுத்து வந்தது தொடுதிரை. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. கைபேசியின் கண்ணாடிமேல் விரல் பட்டவுடன் அவ்விடத்து மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு விரல் பட்ட இடத்தை இயந்திரம் அறிகிறது. நீரும் அவ்வாறே மின்னேற்றத்தை மாற்றுவதால், நாற்று நட்டுவிட்டு ஈரக்கையோடு தொடுபவரிடம் திரை தடுமாறுகிறது.

குரலால் இயங்கும் கருவிகளும் உள்ளன. 2006-ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் சிலர், எழுத்தறியாதோரும் பயிர்ச் செய்தியைக் கேட்டறியும் பொருட்டு, தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, தமிழில் பேசினால் விடைகூறும் கருவியை அமைத்தனர். சொற்கள் சிலவே; ஆயினும் அவை கிராமத்தார் வாயிலிருந்தே பெற்றவை.

இனி நம் ஊருக்கு வருவோம். நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவி இருக்கிறது. களை பறித்தும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்த மூதாட்டியின் விரலை அது சில வேளைகளில் அறிவதில்லை. உழைத்தவர் கையே உழைத்தமைக்காக மறுக்கப்படுவது முறையாகுமா? குறை அவ்வம்மையாருடையதன்று, அக்கையை நினையாமல் அமைத்த கருவியினுடையது. கண்மணியைக் கொண்டு அடையாளம் காணும் கருவி போன்ற மாற்று வழிகள் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

ஆகவே, உறுப்பினர்களே! உங்கள் ஊருக்குப் புதிய கருவி வரும்போது, அதை முதலில் படித்த இளைஞர் கையில் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ஊரின் மூத்தவர், எழுத்தறியாதவர், கண்பார்வை குன்றியவர் ஆகியோரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே தடைப்படுகிறது என்று குறித்து, கிராமசபையில் பதிவுசெய்து, உரிய அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். கருவி மறுத்தால் மாற்று வழி என்ன என்பதையும் கேட்டுப் பெறுங்கள். மேழியைத் தச்சரிடம் திருப்பிக் கொடுத்துச் சீர்செய்த நமக்கு, இதுவும் கூடாத காரியமன்று.