பக்கவாதத்துக்குப் பின் நடை



பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் பொம்மசந்திரா இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த இடம். நாராயணா மருத்துவமனையும் அங்கேதான் உள்ளது. தமிழ் பேசும் தொழிலாளிகள் பலர் அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள்.

நாள் முழுதும் நின்று வேலை செய்யும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் என்ன ஆகும்? உயிர் பிழைத்துவிடுகிறார். ஒரு கால் மட்டும் இழுத்துக்கொண்டு வருகிறது. வேலைக்குப் போக முடியவில்லை.

குறை காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். அதனால் மூளையின் ஒரு பகுதி கெட்டுவிடும். இடது மூளை கெட்டால் வலது கை கால் விழும். ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டும். ‘அ’ எழுதக் கை படிந்தது எத்தனை தடவை எழுதிய பிறகு? காலும் அப்படித்தான்.

முதல் வேலை கையால் நடக்கும். பிசியோதெரபி தெரிந்தவர் இறுகிய கணுக்காலை மெல்ல மடக்கி நீட்டுவார். இடுப்பைப் பிடித்து, விழுந்த காலின் மேல் உடம்பின் பாரத்தைச் சாய்ப்பார். வெறும் எண்ணெய் தேய்ப்பது இதற்கு ஈடாகாது. லண்டனில் பெர்தா போபாத் என்ற பெண்மணி 1940-களிலேயே இப்படிக் கையால் பிடித்துப் பழக்கினார்.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. கண்ணில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டுவார்கள். உள்ளே தெரு தெரியும், பள்ளம் தெரியும். நோயாளி பள்ளத்தைத் தாண்டக் காலைத் தூக்குவார். இதுதான் மெய்நிகர் காட்சி. சினிமா பார்ப்பதுபோல் இருப்பதால் சலிப்பு வராது. பத்து அடி நடக்க வேண்டியவர் நூறு அடி நடந்துவிடுவார். ஆனால் உண்மையான தரை கண்ணுக்குத் தெரியாது. சிலருக்குத் தலை சுற்றும். அதனால் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணாடி மட்டும் போதுமா? போதாது. 2017-இல் அறிஞர்கள் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2,470 நோயாளிகள் அவற்றில் இருந்தார்கள். வழக்கமான பயிற்சியை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்ததில், கைக்குக் கூடுதல் பலன் இல்லை. பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோதுதான் பலன் தெரிந்தது. நடை வேகம் கூடும் என்று உறுதியாகச் சொல்ல அப்போது போதிய சான்று கிடைக்கவில்லை. ஆகவே விலையுயர்ந்த கண்ணாடி இல்லையே என்று யாரும் பயிற்சியை விட வேண்டாம்.

வீட்டில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டும் தாண்டிப் பழகலாம். எவ்வளவு நேரம் என்று மருத்துவரைக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தூக்கிவிடும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பைப் பிடியுங்கள்.