வீட்டில் வெல்டிங்: முதலில் இடம், பிறகு இயந்திரம்

(குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில், மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டெங்கிக் கொசுவைப் பற்றிப் பேசுவதற்கென்றே இன்று இங்கு வந்தோம். ஆனால் மண்டபத்திற்கு வரும் வழியில், லயத்தின் ஓரமாகச் சில பொருள்கள் நம் கண்ணில் பட்டன. மோட்டார் சைக்கிளின் பின்புறம் பால் வாளிகளைத் தாங்குவதற்கான இரும்புச் சட்டம், ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு கதவு, பூந்தொட்டி வைக்க ஒரு தாங்கி. யார் செய்தவை என்று வினவினோம். "எங்கள் பையன்தான் ஐயா, பொழுதுபோக்காகச் செய்கிறான்" என்று ஒரு தாயார் மகிழ்ச்சியோடு கூறினார். உண்மையாகவே நல்ல கைவேலை. அவ்வேலை நடைபெறும் இடத்தைப் பார்த்தபொழுதுதான் நமக்கு நெஞ்சு திக்கென்றது. சமையலறைச் சுவரை ஒட்டிய நடைபாதை அது. இரண்டு அடி தள்ளி கேஸ் தோம்பு. மேலே கொடியில் துணிகள். ஆகவே கொசுவை அடுத்த மாதத்திற்கு ஒத்தி வைத்துவிட்டு, வெல்டிங் செய்வதற்கு இடம் தேர்வதைப் பற்றிப் பேச விரும்புகின்றோம்.

இளைஞர்கள் இத்தொழிலைக் கற்பதை நாம் தடுக்க வரவில்லை. பாசிர் கூடாங் கப்பல் பட்டறையிலும், பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் இக்கைத்தொழிலுக்கு என்றும் மதிப்புண்டு. சிறிய இயந்திரங்கள் இன்று ஒரு கையால் தூக்கும் அளவில் கிடைக்கின்றன. இயந்திரம் சிறியதாயினும் தீப்பொறி சிறியதன்று.

அத்தீப்பொறி எவ்வளவு தூரம் செல்லும்? அமெரிக்க நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்துள்ள விதியில், வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 11 மீட்டருக்குள், எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது எனக் கூறப்பட்டுள்ளது. அகற்ற முடியாத பொருளைத் தீப்பிடிக்காத மறைப்பினால் மூட வேண்டும். 35 அடி என்பது நம் லயத்தில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டுவதில்லை. ஒரு வீட்டு உத்தரத்தில் பற்றிய தீ, கூரையின் அடியிலேயே ஊர்ந்து அடுத்தடுத்த வீடுகளுக்குச் சென்றுவிடும். தனி வீட்டுக்காரர் தவறு செய்தால் அவர் வீடு போகும். லயத்தில் ஒருவர் தவறு செய்தால் வரிசையே போகும்.

தோட்டத்தை விட்டுக் கூலாய், மாசாய் பக்கத்துத் தாமான்களில் குடியேறியவர்களும் இதைக் கேட்க வேண்டும். வரிசை வீட்டின் கார் நிறுத்தும் முகப்பு திறந்த இடம் போலத் தோன்றும். ஆனால் அங்கே பெட்ரோல் நிரம்பிய வண்டி நிற்கின்றது. சுவருக்கு மறுபுறம் அண்டை வீட்டாரின் வண்டி நிற்கின்றது.

இனி நம் லயத்தைச் சுற்றி நடந்து பார்ப்போம். வீட்டுக்கு உள்ளே என்ற பேச்சுக்கே இடமில்லை. தூண்மேல் கட்டிய வீட்டின் அடிப்பகுதி நிழலாக இருக்கும். ஆனால் தலைக்கு மேல் பலகைத் தரை, பக்கத்தில் அடுக்கிய விறகு. அதுவும் ஆகாது. பின்புறத்துக் கொட்டகையில் ஒட்டுப்பால் மூட்டை கிடக்கும். ரப்பர் பற்றினால் அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சரி, மரத்தடிக்கே போய்விடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பருவத்தில் அங்கே காலடியில் கிடப்பது சருகு மெத்தை. அதன் நடுவே குந்திக்கொண்டு வெல்டிங் செய்வது அடுப்புக்குள் அமர்வதற்குச் சமம்.

வேண்டிய இடம் யாதெனில், தரை சிமெண்டாகவோ இறுகிய வெறும் மண்ணாகவோ இருக்க வேண்டும். புல்லும் சருகும் கூடா. மேலே தகரக் கூரை இருத்தல் நலம். ஏனெனில் ஜொகூரில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை எப்பொழுது கொட்டும் என்று சொல்ல இயலாது. ஈரத் தரையில் நின்று வெல்டிங் குச்சியைப் பிடித்தால் மின்சாரம் உடலில் பாயக்கூடும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். காற்று உலவ வேண்டும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அது நெடுங்கால ஆபத்து. அன்றைக்கே வருகின்ற ஆபத்தும் ஒன்றுண்டு. நாம் கூரைக்குப் போடும் தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சு உள்ளது. பழைய தகரத்தையோ அவ்வாறு பூசிய குழாயையோ வெல்டிங் செய்தால் அப்பூச்சு வெண்புகையாக எழும். அதனைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையோ இரவோ குளிரும் காய்ச்சலும் உடல் வலியும் காணும். பழைய நாளில் இதனை மலேரியா என்றெண்ணி மருந்து தேடியவர்களும் இருந்திருக்கலாம். வழக்கமாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூச்சுத் திணறல் இருந்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். எனவே, காற்று நம் முதுகுப்புறமிருந்தோ பக்கவாட்டிலோ வீசும்படி அமர்வதும், பூசிய இரும்பைத் தவிர்ப்பதும் அறிவுடைமை. அப்புகை பக்கத்து வீட்டுத் தொட்டில் பக்கம் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழந்தைகள். மத்தாப்புப் போல் ஒளி கண்டால் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவர். வெல்டிங் செய்பவர் 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக் கவசத்துக்குள் இருப்பார். பிள்ளைகளோ வெறுங்கண்ணால் பார்ப்பர். அவ்வொளியின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் எரியும். அப்பொழுது தாய்ப்பாலையும் உருளைக்கிழங்குச் சாற்றையும் ஊற்றுகின்ற வழக்கம் நம்மவரிடையே உண்டு. தயவு செய்து அதனை விட்டொழியுங்கள், மருந்தகத்துக்குச் செல்லுங்கள். இடத்தைத் தேரும்பொழுதே, பிள்ளைகள் நடமாடும் பாதையை நோக்கிய பக்கத்தில் பளபளப்பில்லாத தகரத்தால் மறைப்பு வைத்துவிட வேண்டும்.

மின் இணைப்பில்தான் பலர் இடறுகின்றனர். வீட்டை விட்டுத் தள்ளிச் சென்றால் கம்பி நீள்கின்றது. மெல்லிய நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே விட்டு வேலை செய்தால் அச்சுருளே சூடேறி உருகும். மூன்று இழை கொண்ட தடித்த கம்பியாக, நடுவில் ஒட்டில்லாததாக, முழுதும் விரித்துப் போட வேண்டும். சாதாரணச் சுவர்ச் செருகி 13 அம்பியர் வரைதான் தாங்கும். இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் அதற்கு மேல் எழுதியிருந்தாலும், சுவிட்சு சுட்டாலும் உடனே நிறுத்திவிட்டு, எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழையுங்கள். மின்கசிவு கண்டவுடன் தானே விழும் பாதுகாப்புச் சுவிட்சு உங்கள் பெட்டியில் உள்ளதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

எத்தகைய இடமாயினும் செய்யத் தகாத வேலை ஒன்றுண்டு. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுது பார்ப்பதற்காக நின்ற 'ஸ்பைரோஸ்' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். இரும்பு வெட்டும் சுடரிலிருந்து சிதறிய பொறி, எரிபொருள் தொட்டியில் தேங்கியிருந்த ஆவியைப் பற்றச் செய்தது என விசாரணையில் தெரியவந்தது. அங்கே பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இருந்தனர். நம்மிடத்திலோ, எண்ணெய் இல்லை என்று ஆட்டிப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிள் டாங்கியை வெல்டிங் செய்கின்றனர்! வெறும் டாங்கியில் இருப்பது ஆவி, வெடிப்பதும் ஆவிதான். தண்ணீர் விட்டு அலசினாலும் முழுதாகப் போய்விட்டது என்று நம்ப இயலாது. டாங்கி, மருந்து டிரம், எண்ணெய்ப் பீப்பாய் ஆகியவற்றை வீட்டில் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை மூடிக்கொண்டு தேநீர் அருந்தப் போய்விடலாகாது. முன்னர் அரை மணி நேரம் காவல் இருக்க வேண்டும் என்றிருந்த அச்சங்கத்தின் விதி, 2019ஆம் ஆண்டில் ஒரு மணி நேரமாக உயர்த்தப்பட்டது. பொறி கண்ணுக்குத் தெரியாமல் கங்காகக் கிடந்து, பிறகு எரியும். மணல் வாளியும் தூள் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீ மீறினால் முதலில் மக்களை வெளியேற்றுங்கள்; 999ஐ அழையுங்கள். பொம்பா வண்டி நம் செம்மண் பாதையில் வந்து சேரச் சற்று நேரம் ஆகும் என்பதையும் மறவாதீர்.

கூட்டம் தொடங்குமுன் அந்தப் பையனுடன் நாமே அடியளந்து பார்த்தோம். பயன்படாமல் கிடக்கும் பழைய ஆயாக் கொட்டகை, லயத்தின் கடைசி வீட்டிலிருந்து 40 அடிக்கு மேல் உள்ளது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, பக்கச் சுவர் இல்லை. ஓரத்துப் புல்லை வெட்டிவிட்டு, மூலையிலுள்ள பழைய மெத்தைகளை அகற்றினால் போதும். அது நிர்வாகத்தின் உடைமை; மின் இணைப்புக்கும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். நாளைக் காலைப் பெரட்டில் நிர்வாகியிடம் கேட்பதாக அவருடைய தந்தையார் கூறியுள்ளார். அதுவரை இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று பையனும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.