கோபுரத்தில் ஒளிக்கலாம், வானத்தில் முடியாது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல தங்கி, எஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருந்தார். டிஜிட்டல் படத்துக்குள்ள ரகசியச் செய்தியை மறைச்சு வைக்கிறதுதான் அவரோட ப்ராஜெக்ட். "சார், படத்துல விளிம்புகளைக் கண்டுபிடிச்சு, அங்க மட்டும் செய்தியை வைக்கிறேன். பி.எஸ்.என்.ஆர். 58 டெசிபல் வருது. கைடு ஓகே சொல்லிட்டார். ஆனா நிஜமாவே ஒருத்தர் இதை நம்பி ஒரு ரகசியத்தை அனுப்பலாமா?"

முதல் பாதியை நான் நிறைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல பார்த்திருக்கேன். அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்ததில்லை. அதனாலதான் இந்த எபிசோட்.

மெயிலோட அவர் சோதனை பண்ணின படத்தையும் அனுப்பியிருந்தார். பார்த்தசாரதி கோயில் கோபுரம். கைரவிணிக் குளக்கரையில நின்னு செல்ஃபோன்ல எடுத்தது. மேல வெளுத்த வானம், நடுவுல சிற்பம் நிறைஞ்ச கோபுரம், ஒரு பக்கத்துல ஏதோ கட்டடத்தோட வெள்ளைச் சுவர். இந்த விஷயத்தை விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. கடைசி வரைக்கும் இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஒரு படம்ங்கிறது புள்ளிகளோட அட்டவணை. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொரு எண். 0 முதல் 255 வரை. அந்த எண் 8 பிட்களில் எழுதப்படுது. கடைசி பிட்டை மாத்தினா 178 என்பது 179 ஆகும், அவ்வளவுதான். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கடைசி பிட்டில் நம்ம செய்தியோட ஒரு பிட்டை வைக்கலாம். இதுதான் அடிப்படை.

இடம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. 4000-க்கு 3000 புள்ளி உள்ள ஒரு சாதாரண ஃபோன் படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள். மூணு நிறம்னா 3.6 கோடிக் கடைசி பிட்கள். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடம் அதிகம் கேட்கும். 'க' மூணு பைட், 'கி' ஆறு பைட். இருந்தாலும் 3000 பைட்டில் ஒரு பக்கக் கடிதம் எழுதிடலாம். அதாவது 24,000 பிட். 1500 இடம் காலியா இருக்கு, நமக்கு வேண்டியது ஒண்ணு. அப்படின்னா கேள்வி, எந்த ஒண்ணு?

மறைக்கிறது நமக்குப் புதுசு இல்ல. தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளைச் சொல்லும்போது காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள்னு சொல்லுது. ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு. காதைகரப்புல கடைசியில இருந்து ஒரு எழுத்து விட்டு ஒரு எழுத்தா படிச்சா வேற செய்யுள் வரும். வெளிப்பாட்டு ஒழுங்கா பொருள் தரணும், அதான் கஷ்டம். படிக்கிறவருக்கு எப்படிப் படிக்கணும்ங்கிற விதி தெரிஞ்சிருக்கணும், அதான் சாவி. இன்னைக்குப் படத்துல செய்யுறதும் இதே வேலைதான்.

சரி, நம்ம படத்துக்கு வருவோம். வெயில்ல எடுத்ததால வானம் வெளுத்துப்போய் 255, 255, 255-னு வரிசையா நிற்குது. அதில் செய்தியை வெச்சா அங்கங்க 254 முளைக்கும். நம்ம கண் பார்க்காது. ஒரு சின்ன ப்ரோக்ராம் அரை நொடியில பார்த்துடும். கோபுரத்துக்குள்ள அப்படி இல்ல. பொம்மையோட தோள் 64, பக்கத்துல நிழல் 20, அடுத்து வண்ணம் பூசின இடம் 190. அங்க ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் யார் கணக்குக் கேட்பாங்க?

விளிம்பு கண்டுபிடிக்கிறதுன்னா இதுதான். பக்கத்துப் புள்ளியிலிருந்து எண் சட்டுனு எங்க தாவுதோ அது விளிம்பு. ஜான் கேனி 1986-ல் வெளியிட்ட முறையைத்தான் இன்னும் எல்லாரும் எடுத்துக்கறாங்க. முதல்ல படத்தைக் கொஞ்சம் மழுப்பணும், தூசி விளிம்பா தெரியாம இருக்க. அப்புறம் எந்தத் திசையில தாவல் அதிகம்னு பார்க்கணும். தடிமனான கோட்டை ஒரு புள்ளி அகலத்துக்கு மெலிசாக்கணும். கடைசியா இரண்டு வரம்பு: மேல் வரம்பைத் தாண்டினா நிச்சயம் விளிம்பு, நடுவுல இருக்கிறது ஒரு நிச்சய விளிம்போட ஒட்டியிருந்தா மட்டும் விளிம்பு.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. எனக்கு இந்தத் துறையிலேயே பிடிச்ச சிக்கல் இதுதான். அனுப்புறவர் விளிம்பைக் கண்டுபிடிச்சு, அந்தப் புள்ளிகளை மாத்துறார். பெறுறவர் கையில இருக்கிறது மாத்தின படம். அவரும் விளிம்பைக் கண்டுபிடிக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே விளிம்பு வருமா? 178-ம் 190-ம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, வித்தியாசம் 12, வரம்பும் 12-ன்னு வெச்சுக்குவோம். செய்தி ஏறினதும் 178 என்பது 179 ஆயிடுச்சு. வித்தியாசம் 11. பெறுறவருக்கு அந்தப் புள்ளி விளிம்பே இல்ல. ஒரு பிட் விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் வர்ற எல்லா பிட்டும் ஒரு இடம் நகர்ந்து, கடிதம் முழுக்கக் குப்பை.

இதுக்குத் தீர்வு ரொம்ப எளிமையானது. விளிம்பைத் தேடும்போது கடைசி பிட்டைப் பார்க்கவே பார்க்காதே. இரண்டு பேரும் அதைப் பூஜ்யமா வெச்சுக்கிட்டுத் தேடுங்க. 178-ம் 179-ம் இரண்டுமே 178 ஆயிடும். 190-ம் 191-ம் 190 ஆயிடும். வித்தியாசம் எப்பவும் 12. செய்தி இருக்கிற இடம் வேற, இடத்தைத் தேடுற கண் வேற. தம்பி இதைச் சரியா செஞ்சிருந்தார்.

இப்போ அந்த 58 டெசிபலுக்கு வர்றேன். பி.எஸ்.என்.ஆர்.ங்கிறது பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சொல்ற அளவு. எண் பெருசா இருந்தா வித்தியாசம் குறைவு. ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. படத்தோட எல்லாப் புள்ளியிலும், வானத்தையும் விடாம, கடைசி பிட்ல கண்ணை மூடிக்கிட்டு செய்தியைக் கொட்டினா என்ன வரும்? பாதிப் புள்ளிகள் ஒண்ணு மாறும், மீதி மாறாது. சராசரி இருபடிப் பிழை 0.5. அதுக்கு பி.எஸ்.என்.ஆர். 51 டெசிபல். அதாவது, இருக்கிறதிலேயே சுலபமா மாட்டிக்கிற முறைக்கே 51 கிடைக்குது. அப்படின்னா 58-ங்கிற எண் 'கண்ணுக்குத் தெரியல'ன்னுதான் சொல்லுது. 'மாட்டிக்க மாட்டே'ன்னு சொல்லல.

எப்படி மாட்டிக்கும்? 64-ம் 65-ம் ஒரு ஜோடி. கடைசி பிட்டை மாத்தினா 64 என்பது 65 ஆகும், 65 என்பது 64 ஆகும். 64 ஒருபோதும் 63 ஆகாது. சாதாரணப் படத்துல 64 ஒரு 900 இடத்திலும் 65 ஒரு 1100 இடத்திலும் இருக்கலாம். மறைகுறியாக்கம் செஞ்ச செய்தியில 0-ம் 1-ம் ஏறக்குறைய சரிபாதி. அதை எல்லா இடத்திலும் ஏத்தினதும் இரண்டும் ஆயிரத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுடும். எல்லா ஜோடியும் இப்படிச் சமமா நின்னா, அது இயற்கை இல்ல. வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன்னு இரண்டு பேர் 1999-ல் இதைச் செஞ்சு காட்டினாங்க. படத்தைப் பார்க்கவே வேண்டாம், எண்ணினா போதும்.

"நான் விளிம்புல மட்டும்தானே வைக்கிறேன்"னு தம்பி கேட்கலாம். நியாயம்தான், மொத்தப் படத்தை எண்ணினா தெரியாம போகலாம். ஆனா கேனி முறை உலகத்துக்கே தெரியும். துப்பறியுறவரும் கடைசி பிட்டை நீக்கிட்டு அதே விளிம்பை வரைஞ்சு, அந்தப் புள்ளிகளை மட்டும் எண்ணினா? விளிம்பு ஒளியுற இடம்தான், ரகசியம் இல்ல. கெர்க்காஃப் 1883-லேயே சொல்லிட்டார்: முறை எதிரிக்குத் தெரிஞ்சாலும் சாவி தெரியாத வரைக்கும் தாங்கணும். தம்பியோட நிரலில் சாவியே இல்ல. மேல இடது மூலையில இருந்து வர்ற விளிம்புகளை வரிசையா நிரப்பிக்கிட்டே போகுது.

2010-ல் வெய்ச்சி லுவோவும் கூட இருந்தவங்களும் எழுதின கட்டுரை இதைக் கொஞ்சம் புத்தியா செய்யுது. சின்னச் செய்தின்னா ரொம்பக் கூர்மையான விளிம்புகளை மட்டும் எடுத்துக்கோ. செய்தி பெருசாக ஆக வரம்பைத் தாழ்த்து. படத்தைக் கட்டம் கட்டமா வெட்டி, சாவியைப் பொறுத்து ஒவ்வொரு கட்டத்தையும் திருப்பிட்டு வேலை பார். மாத்தினதால வித்தியாசம் வரம்புக்குக் கீழ போயிட்டா, மறுபடி சரிசெஞ்சு மேல கொண்டு வா. நம்ம ஊர்லயும் இந்தத் துறையில தொடர்ந்து வேலை நடக்குது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்துல ரெங்கராஜன் அமிர்தராஜன், ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழு நிறைய கட்டுரைகள் எழுதியிருக்காங்க. தம்பி, அங்கிருந்தே படிக்க ஆரம்பிக்கலாம்.

இன்னொரு விஷயம். அந்த வெள்ளைச் சுவர் ஞாபகம் இருக்கா? சுவர் முடிஞ்சு வேற நிறம் தொடங்குற நேர்க்கோடு. கேனிக்கு அது அருமையான விளிம்பு. கோபுரத்துச் சிற்பத்தைவிடத் தெளிவா காட்டும். ஆனா ஒளிக்கிறதுக்கு அது மோசமான இடம். ஏன்னா அந்தக் கோட்டோடவே மேல போனா அடுத்த புள்ளி என்னவா இருக்கும்னு யார் வேணா ஊகிக்கலாம். ஊகிக்க முடிஞ்சா மாத்தினதும் தெரியும். கோபுரத்துல எந்தத் திசையில போனாலும் ஊகிக்க முடியாது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்து ஜெசிகா ஃப்ரிட்ரிக் குழு 2012 வாக்குல கொண்டுவந்த முறைகள் இந்த இடத்துலதான் விளிம்பு முறையிலிருந்து பிரியுது. 'விளிம்பா?'ன்னு அது கேட்கறதில்ல. 'எல்லாத் திசையிலும் ஊகிக்க முடியாததா?'ன்னு கேட்குது.

இப்ப நடைமுறை. தம்பி அந்தப் படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமா ஃபோட்டோவா அனுப்பினா என்ன ஆகும்? அது படத்தைச் சுருக்கி, புதுசா ஜேபெக் ஆக்கி அனுப்பும். ஜேபெக் 8-க்கு 8 கட்டமா எடுத்து, நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத்தான் முதல்ல வெட்டும். கடைசி பிட் எதுவும் மிஞ்சாது. டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும். ஆனா ஒருத்தர் தினமும் கோபுரப் படத்தை பிஎன்ஜி ஃபைலா, டாக்குமென்ட்டா அனுப்பிக்கிட்டே இருந்தா, அதுவே 'என்னைப் பாரு'ன்னு சொல்ற மாதிரி. இன்னொண்ணு, இன்டர்நெட்ல இருக்கிற படத்தை எடுக்கவே கூடாது. மூலப்படம் இன்னொருத்தர் கையில இருந்தா ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சுடுவாங்க. சொந்தமா எடுத்த படம், மூலம் யாருக்கும் போகாத படம்தான் சரி.

2010-ல் அமெரிக்காவில் பிடிபட்ட ரஷ்ய உளவாளிகள் இணையதளப் படங்களுக்குள் செய்தி வெச்சுப் பேசிக்கிட்டாங்கன்னு எஃப்.பி.ஐ. நீதிமன்றத்துல சொன்னது. புள்ளிகளை எண்ணியா அதைக் கண்டுபிடிச்சாங்க? இல்ல. நியூ ஜெர்சியில ஒரு வீட்டைச் சோதனை போட்டப்போ, 27 எழுத்துக் கடவுச்சொல்லை ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தது கிடைச்சுது. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, நீல்ஸ் ப்ரோவோஸும் பீட்டர் ஹனிமனும் ஈபே தளத்துல இருந்து இருபது லட்சம் படங்களை எடுத்துச் சோதிச்சாங்க. மறைஞ்ச செய்தி ஒண்ணுகூடக் கிடைக்கல. இல்லாததால கிடைக்கலையா, நல்லா ஒளிச்சதால கிடைக்கலையான்னு அந்தச் சோதனையால சொல்ல முடியாது.

அதனால தம்பி, உங்க கேள்விக்குப் பதில்: இப்ப இருக்கிற நிலையில வேண்டாம். ஒருத்தரோட வேலையோ உயிரோ அந்தக் கடிதத்துல தொங்குதுன்னா கண்டிப்பா வேண்டாம். முதல்ல செய்தியை ஒழுங்கா மறைகுறியாக்கம் செய்யுங்க. அப்பதான் படம் மாட்டினாலும் கடிதம் மாட்டாது. சாவி வெச்சு விளிம்புப் புள்ளிகளைக் கலைச்சு எடுங்க. அந்தச் சுவரை விட்டுடுங்க. அப்புறம் ரிப்போர்ட்ல பி.எஸ்.என்.ஆர். அட்டவணைக்குப் பக்கத்துல இன்னொரு அட்டவணை போடுங்க: நூறு வெறும் படம், நூறு செய்தி வெச்ச படம், ஒரு நண்பர்கிட்ட எது எதுன்னு சொல்லாம கொடுங்க. அவர் ப்ரோக்ராம் எழுதிப் பிரிக்கட்டும். ஐம்பதுக்கு ஐம்பது தடுமாறினா நீங்க ஜெயிச்சீங்க.

இதையெல்லாம் போன வாரமே அவருக்கு மெயில்ல எழுதிட்டேன். நேத்து பதில் வந்துச்சு. ரூம்மேட்தான் அந்த நண்பர். விளிம்பை மட்டும் எண்ணினாராம், நூத்துல 83 படத்தைப் பிடிச்சுட்டாராம். "சார், இதை ரிப்போர்ட்ல போடலாமா, மார்க் குறையுமா?"ன்னு கேட்டிருக்கார். போடுங்க தம்பி. ரூம்மேட் பேரையும் நன்றியில போட்டுடுங்க.